3 அங்குல பிரிட்டிஷ் ராக்கெட் மோட்டாரில் கார்டைட் ஏன் சிலுவை வடிவத்தில் இருக்கிறது?

வால்துடுப்பு:

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் பயன்படுத்திய 3 அங்குல ராக்கெட்டின் குறுக்குவெட்டுப் படத்தை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். டைஃபூன் விமானத்தின் இறக்கைகளுக்கு அடியில் பக்கத்துக்கு நாலாக எட்டு தொங்குமே, அதேதான். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட எளிமையாக ஒரு ஆயுதம் இருக்க முடியாது: ஒரு எஃகுக் குழாய், முன்பக்கம் திருகி மாட்டிய வெடிமுனை, பின்பக்கம் நாசில் (வாயு பீறிட்டு வெளியேறும் குறுகிய வாய்), நாலு வால் துடுப்புகள், அவ்வளவுதான்.

குழப்பம் உள்ளேதான். குழாய்க்குள் எரிபொருளாக ஒரே ஒரு நீளமான கார்டைட் (புகை குறைந்த ஒரு வெடிமருந்து வகை) தண்டு இருக்கிறது, அதை வெட்டிப் பார்த்தால் கூட்டல் குறி மாதிரி தெரிகிறது. நாலு கைகளுக்கு இடையில் நாலு பெரிய காலி இடங்கள். எரிபொருளை முழுசாக அடைத்தால் இன்னும் தூரம் போகுமே, ஏன் இவ்வளவு இடத்தை வீணாக்கினார்கள்? இன்றைய திட எரிபொருள் மோட்டார்களில் எரிபொருள் உறையோடு ஒட்டியிருக்கும், நடுவில் நட்சத்திர வடிவத் துளை இருக்கும் என்று படித்திருக்கிறேன். இங்கே அப்படியே தலைகீழாக இருக்கிறது. அன்றைக்கு அந்த அறிவு இல்லையா, அல்லது வேறு காரணம் உண்டா? எரியும் விதம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

உந்துவிசை:

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒரு அடிப்படை விஷயத்தில் தொடங்க வேண்டும்: திட எரிபொருள் மோட்டாரில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு பரப்பு ஒரே நேரத்தில் எரிகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கார்டைட் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக எரியும். எரிபரப்பு அதிகமானால் வாயு அதிகம், அழுத்தம் அதிகம். அழுத்தம் ஏறினால் எரியும் வேகமும் கூடும். அது மறுபடியும் அழுத்தத்தை ஏற்றும். இந்தச் சுழலை நிறுத்திப் பிடிப்பது நாசிலின் கழுத்து மட்டுமே. எரிபரப்பை நாசில் கழுத்தின் பரப்பால் வகுத்தால் வரும் எண்தான் உள்ளே என்ன அழுத்தம் நிலைபெறும் என்று சொல்லும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எரியும் வேகம் அழுத்தத்தின் 0.7 அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரு கார்டைட் துண்டு அடைத்துவிட்டது என்றால், அந்த எண் 11% கூடும். அழுத்தமோ 42% கூடிவிடும். அடைப்பு பத்தில் இரண்டு பங்கு என்றால் அழுத்தம் இரட்டிப்பையும் தாண்டிவிடும், அப்புறம் குழாய் பிளந்துவிடும். அதனால்தான் நாசிலுக்கு முன்னால் தண்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு இரும்புச் சட்டம் வைக்கிறார்கள். தண்டு ஒடிந்து கழுத்தில் போய் உட்காராமல் அது பார்த்துக்கொள்ளும். இந்த மோட்டார்களின் வடிவமைப்பில் பாதி வேலை இந்த ஒரு பயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

சரி, இப்போது சிலுவைக்கு வருவோம். 3 அங்குல விட்டத்தில் ஒரு முழு உருளைத் தண்டு வைத்தால் வெளிப்பரப்பிலிருந்து நடு வரை ஒன்றரை அங்குலம் எரிய வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதே விட்டத்தில் ஒரு அங்குல அகலக் கைகள் உள்ள சிலுவையை வையுங்கள் (உண்மை அளவுகள் அல்ல, கணக்குக்கு மட்டும்). ஒவ்வொரு கையும் இரண்டு பக்கமும் எரிவதால் அரை அங்குலம் எரிந்தாலே கைகள் தீர்ந்துவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு நேரம். சுற்றளவோ ஒன்பதரை அங்குலத்திலிருந்து 12 அங்குலமாகிவிட்டது. குறைந்த நேரத்தில் நிறைய வாயு வேண்டும் என்றால் இதுதான் வழி. அப்படியும் குழாயின் குறுக்குப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கார்டைட்தான் இருக்கிறது, நீங்கள் நினைக்கும் அளவுக்கு இடம் வீணாகவில்லை.

அந்தக் காலி இடங்களும் சும்மா இல்லை, வாயு நாசிலுக்குப் போகும் பாதை அவை. மோட்டாரின் முன்முனையில் பிறக்கும் வாயு முழு நீளத்தையும் கடந்துதான் வெளியேற வேண்டும். பாதை குறுகலாக இருந்தால் நாசில் பக்கத்தில் வாயு பயங்கர வேகத்தில் உரசிக்கொண்டு போகும், உரசும் இடத்தில் கார்டைட் இன்னும் வேகமாக எரியும், பற்றவைத்த முதல் கணத்திலேயே அழுத்தம் எகிறும். முழுசாக அடைத்த குழாய் ராக்கெட்டாக இருக்காது, குண்டாகத்தான் இருக்கும்.

அந்தச் சிலுவையில் ஒரு குறையும் உண்டு. எரிய எரிய சுற்றளவு குறைந்துகொண்டே வரும். மேலே சொன்ன உதாரணத்தில் 12 அங்குலத்தில் தொடங்கி, கைகள் தீரும் நேரத்தில் ஏழு சொச்சத்துக்கு வந்துவிடும். ஆக அழுத்தம் தொடக்கத்தில் உச்சம், பிறகு இறங்குமுகம். அமெரிக்கர்கள் தங்கள் சிலுவைத் தண்டுகளில் கைகளின் நுனியில் எரியாத பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டி இதைச் சமன் செய்தார்கள். நுனி முழுவதையும் மூடினால் எரிபரப்பு கூடிக்கொண்டே போகும், அதனால் அங்கங்கே விட்டுவிட்டு ஒட்டினார்கள். அழகான தீர்வு.

பழைய ஆயுதசாலை:

உந்துவிசை சொன்ன வடிவக் கணக்கு சரி. ஆனால் அதை மட்டும் படித்தால் யாரோ மேசையில் உட்கார்ந்து சிறந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தோன்றும். என் பார்வையில் இந்த மோட்டாரின் கதை தொழிற்சாலையில் இருக்கிறது. எதைப் போர்க்காலத்தில் லட்சக்கணக்கில் செய்ய முடியுமோ அதைச் சுற்றித்தான் மற்ற எல்லாமே அமைந்தன.

பழைய பீரங்கிக் கார்டைட் எப்படிச் செய்வார்கள்? நைட்ரோசெல்லுலோஸையும் நைட்ரோகிளிசரினையும் அசிட்டோன் போன்ற கரைப்பான் ஊற்றிப் பிசைந்து, அச்சு வழியாக இழைகளாகத் தள்ளி, பிறகு நாள்கணக்கில் உலர்த்துவார்கள். மெல்லிய இழையிலிருந்து கரைப்பான் ஆவியாகிவிடும். ஒரு அங்குலம் தடிமனான தண்டிலிருந்து அது போகவே போகாது. போனாலும் தண்டு சுருங்கும், வெடிப்பு விடும். வெடிப்பு என்றால் புதிய எரிபரப்பு, புதிய எரிபரப்பு என்றால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லியாகிவிட்டது. ஆகவே பழைய முறையில் ராக்கெட் தண்டு செய்யவே முடியாது.

இங்கேதான் பிரிட்டனுக்கு ஒரு அதிர்ஷ்டம். கடற்படையின் பெரிய பீரங்கிகளுக்காக, கரைப்பானே இல்லாத எஸ்.சி. கார்டைட் என்ற வகையைப் போருக்கு முன்பே உருவாக்கி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய பாதி நைட்ரோசெல்லுலோஸ், நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல் நைட்ரோகிளிசரின், மீதி ஒன்பது சதவீதம் கார்பமைட். அந்தக் கார்பமைட் கெட்டுப்போகாமல் காக்கும், கலவையை இளகவைக்கும், எரியும் வெப்பத்தையும் கொஞ்சம் தணிக்கும், ஒரே பொருளில் மூன்று வேலை. இந்தக் கலவையைச் சூடான உருளைகளுக்கு இடையில் தகடாக உருட்டி, சுருட்டி, பெரிய அழுத்து இயந்திரத்தில் போட்டு அச்சு வழியாகத் தள்ளினால் தடிமனான தண்டு நேராக வெளியே வரும், உலர்த்த வேண்டியதில்லை. டார்செட்டில் ஹோல்டன் ஹீத் கடற்படைத் தொழிற்சாலை இந்த வகையைச் செய்துகொண்டிருந்தது.

அச்சு வழியாகத் தள்ளும் முறையில் எந்தக் குறுக்குவெட்டு எளிது? வெளி வடிவம் எதுவானாலும் எளிது. சிலுவை அச்சு ஒன்றை வெட்டி மாட்டினால் போதும், நடுவில் துளை இல்லை, துளை நேராக வருகிறதா என்ற கவலை இல்லை. தண்டைத் தேவையான நீளத்துக்கு வெட்டிக் குழாய்க்குள் நுழைத்தால் கைகளின் நுனிகளே அதைக் குழாயின் நடுவில் பிடித்து வைத்துக்கொள்ளும். துளையுள்ள உருளையைக் குழாய்க்குள் வைத்தால் அதைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தத் தனியாக ஏதாவது செய்ய வேண்டும். துளைக்குள் அழுத்தம் ஏறிக் கடைசி நேரத்தில் அது பிளந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

உறையோடு ஒட்டுவது பற்றிக் கேட்டீர்கள். துளையோடு உள்ளிருந்து எரியும் வடிவத்தின் நன்மை, கடைசி வரை எரிபொருளே குழாய்ச் சுவரை வெப்பத்திலிருந்து காக்கும் என்பதுதான். ஆனால் எஸ்.சி. கார்டைட் கடினமான பொருள், குளிரில் எஃகைவிட அதிகம் சுருங்கும். அன்றைய பசைகளால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. தண்டின் மேல் பூச்சு பூசினாலும் நைட்ரோகிளிசரின் அதற்குள் ஊறி இறங்கிவிடும். ஆக, தண்டு தனியாகத்தான் இருக்க வேண்டும், அதன் வெளிப்பக்கமும் எரியத்தான் செய்யும், குழாய்ச் சுவர் நேரடியாகச் சுடர்வாயுவைத் தாங்கித்தான் ஆக வேண்டும். இதை எப்படிச் சமாளித்தார்கள்? எரியும் நேரத்தைக் குறைத்து. இரண்டு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டால் எஃகு பலமிழக்கும் அளவுக்குச் சூடாவதற்கு முன் வேலை முடிந்துவிடும். கை அகலம், எரியும் நேரம், குழாயின் தடிமன் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். எனக்கு இந்த மோட்டார் மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

வால்துடுப்பு:

இருவருக்கும் மிக்க நன்றி. சிலுவை இப்போது தெளிவாகிவிட்டது. இன்னொரு சந்தேகம். இதே 3 அங்குல மோட்டார் முதலில் விமான எதிர்ப்புக்காகச் செய்யப்பட்டது, இசட் பேட்டரிகள் என்று நகரங்களைச் சுற்றி நிறுத்தினார்கள், ஆனால் பெரிதாக விமானங்களை வீழ்த்தவில்லை என்று படித்தேன். அதே மோட்டார் விமானத்தில் ஏறியதும் எப்படிப் பெயர் வாங்கியது? மோட்டாரை மாற்றினார்களா?

காற்றுக்குகை:

மோட்டாரில் பெரிய மாற்றம் இல்லை. கிளம்பும் வேகம்தான் மாறியது.

தரையிலிருந்து கிளம்பும் துடுப்பு ராக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஏவும் சட்டத்தின் தண்டவாளத்தை விட்டு வெளியேறும்போது அது மெதுவாகத்தான் போகிறது. துடுப்புகள் வேலை செய்யக் காற்று வேகமாகப் பாய வேண்டும், அந்த வேகம் இன்னும் வரவில்லை. ஆனால் மோட்டார் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கிறது. நாசில் மயிரிழை அளவு கோணலாக இருந்தாலும், குழாய் லேசாக வளைந்திருந்தாலும், அந்தத் தள்ளல் ராக்கெட்டைத் திருப்பிவிடும். பக்கக் காற்று அடித்தால் துடுப்பு வாலை ஒதுக்கும், மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், மோட்டார் அந்தத் திசையிலேயே தள்ளும். எரிந்து முடியும்போது ராக்கெட் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் பாதை. பிரிட்டிஷ்காரர்கள் இதற்கு வைத்த மறைபெயரே ‘சுழலாத எறிபொருள்’. பீரங்கிக் குண்டு மாதிரி சுழன்று தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும் வசதி இதற்குக் கிடையாது.

இதனால் ஒரு ராக்கெட் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதற்கு மருந்து, ஒரே வீச்சில் நிறைய விடுவதுதான். இசட் பேட்டரிகள் அப்படித்தான் வேலை செய்தன. குழாய் மலிவு, ஏவும் சட்டம் மலிவு, ஹோம் கார்டு என்ற உள்ளூர்க் காவல் படைத் தன்னார்வலர்களே இயக்கலாம். 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி செய்ய வேண்டுமானால் நல்ல எஃகும் துல்லியமான கடைசல் வேலையும் வேண்டும், 1940-இல் அதற்கெல்லாம் பெரும் தட்டுப்பாடு. அந்த நிலைமையில் மலிவான குழாய் ராக்கெட் நியாயமான முடிவுதான் என்பேன்.

விமானத்தில் கதை வேறு. டைஃபூன் பாயும்போது ராக்கெட்டும் அதே வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது, எனவே தண்டவாளத்தை விட்ட கணத்திலேயே துடுப்புகளுக்கு வேண்டிய காற்று இருக்கிறது, கோணல் தள்ளலைத் துடுப்பு உடனே அடக்கிவிடும். சுடும் தூரமும் குறைவு. 1943 மே 23-இல் எச்.எம்.எஸ். ஆர்ச்சர் கப்பலிலிருந்து பறந்த ஒரு ஸ்வோர்டுஃபிஷ் விமானம் யு-752 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை ராக்கெட்டால் தாக்கியது, அந்த நீர்மூழ்கி மூழ்கிப்போனது. அதில் முக்கியமானது 25 பவுண்டு எடையுள்ள திட எஃகுத் தலை. அதில் வெடிமருந்தே இல்லை. டாங்குகளுக்காகச் செய்தது, ஆனால் கடலில் இலக்குக்குச் சற்று முன்னால் தண்ணீரில் விழுந்தால் நீருக்குள் மேல்நோக்கி வளைந்து போய், நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் உடலைத் துளைக்கும். தரை இலக்குகளுக்கு 60 பவுண்டு வெடிமுனை. மோட்டார் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனாலும் குறி மிகத் துல்லியம் என்று நினைத்துவிட வேண்டாம். நார்மண்டிப் போருக்குப் பிறகு விட்டுச்செல்லப்பட்ட ஜெர்மன் டாங்குகளைப் போய் எண்ணிப் பார்த்தவர்கள், ராக்கெட் நேரடியாகப் பட்டவை மிகச் சிலவே என்று கண்டார்கள். டாங்கை விட்டு ஓடவைத்த பயம்தான் அங்கே பெரிய ஆயுதம்.

பழைய ஆயுதசாலை:

காற்றுக்குகை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தரையிலும் இந்த மோட்டார் பிற்பாடு நன்றாகவே வேலை செய்தது. 1944 நவம்பரில் நெதர்லாந்தின் வால்கெரன் தீவுத் தாக்குதலின்போது கனடியப் படையினர் ‘லேண்ட் மேட்ரஸ்’ ஏவியைப் பயன்படுத்தினார்கள். விமான ராக்கெட்டின் 3 அங்குல மோட்டார், அதன் முனையில் கடற்படையின் 5 அங்குல வெடிமுனை. ஏவும்போது ராக்கெட்டுக்கு லேசான சுழற்சி கொடுத்தார்கள், கோணல் தள்ளல் எல்லாத் திசைகளிலும் சுற்றிச் சுற்றிப் போய் ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. சிதறல் குறைந்தது.

இந்த வேலையின் தொடக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் குறிப்பிடவில்லை. 1930-களின் நடுவில் ஆல்வின் குரோ என்பவர் தலைமையில் கென்ட்டில் உள்ள ஃபோர்ட் ஹால்ஸ்டெட்டில் ஆராய்ச்சி நடந்தது. முதலில் 2 அங்குலம், பிறகு 3 அங்குலம். 1938-39 குளிர்காலத்தில் ஜமைக்காவுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார்கள். 1940-இல் வேல்ஸில் அபர்போர்த்துக்கு இடம் மாறினார்கள்.

உந்துவிசை:

தொழிற்சாலைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்ற கருத்தை நான் முழுசாக ஏற்கவில்லை, ஆனால் ஒரு விஷயம் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது: பெரிய மோட்டார் தேவைப்பட்ட இடங்களில்கூட அவர்கள் அடிக்கடி புதிதாகப் பெரிதாகச் செய்யவில்லை, இருப்பதையே கட்டுக் கட்டினார்கள். வணிகக் கப்பல்களிலிருந்து ஹரிகேன் விமானத்தை ஏவிய கவண் வண்டியைத் தள்ளியது 3 அங்குல மோட்டார்களின் கட்டு. 4,500 பவுண்டு டிஸ்னி குண்டின் வாலில் அதே மோட்டார் பத்தொன்பது இருந்தன, சுமார் 5,000 அடி உயரத்துக்கு இறங்கியதும் அவை பற்றிக்கொண்டு குண்டைக் கான்கிரீட் கூரைக்குள் இறக்கும். 1945 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஐமுய்டனில் முதலில் போட்டார்கள்.

தடிமனான தண்டை அழுத்தித் தள்ள இன்னும் பெரிய இயந்திரம் வேண்டும், தண்டு தடிக்கத் தடிக்க எரியும் நேரமும் நீளும், குழாய்ச் சுவர் அதைத் தாங்காது. இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள். அதை உடைக்கப் போர்க்காலத்திலேயே தொடங்கிய முயற்சிதான் ‘பிளாஸ்டிக் புரொப்பெல்லன்ட்’: அம்மோனியம் உப்புகளைப் பாலிஐசோபியூட்டிலீன் என்ற ரப்பர் போன்ற பொருளில் பிசைந்த கெட்டி மாவு. அதை உறைக்குள் நேராக அழுத்தலாம், சுவரோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் வேண்டிய வடிவத்தில் துளை விடலாம். 1957-இல் ஆஸ்திரேலியாவின் வூமராவில் கிளம்பிய ஸ்கைலார்க் ஆராய்ச்சி ராக்கெட்டின் ரேவன் மோட்டார் இந்த வகைதான். நீங்கள் கேட்ட நட்சத்திரத் துளை, ஒட்டிய எரிபொருள் எல்லாம் பிரிட்டனில் இந்த வழியாகத்தான் வந்தது.

வால்துடுப்பு:

அருமை. கடைசியாக ஒன்று, படத்தில் நாசிலிலிருந்து ஒரு கம்பி வெளியே தொங்குகிறது. அது பற்றவைக்கும் கம்பியா?

பழைய ஆயுதசாலை:

ஆமாம். தண்டின் முன்முனையில் கரிமருந்துப் பொதி இருக்கும், அதை மின்சாரம் பற்றவைக்கும். கம்பி காலி இடத்தின் வழியாக ஓடி நாசில் வழியே வெளியே வந்து விமானத்தின் மின் இணைப்பில் சொருகப்படும். தரையில் சொருகிவிட்டு ஏதாவது சுவிட்ச் கோளாறு இருந்தால் எதிரில் நிற்பவர் கதி அதோகதி என்பதால், விமானம் ஓடுபாதைக்கு வந்து கிளம்பப்போகும் நேரத்தில்தான் ஆயுதப் பணியாளர்கள் ஓடிவந்து ஒவ்வொன்றாக மாட்டுவார்கள். படத்தில் அது சொருகாமல் தொங்குகிறது என்றால் ராக்கெட் இன்னும் தயார்நிலைக்கு வரவில்லை.